அக்காவின் பெரும்பாடு

அக்கா இரண்டு வருடமாகக் கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம், மெரூன் என்று அடர்ந்த நிறச் சேலைகளையே கட்டிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சந்தன நிறச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது. ஏன் கட்டவில்லை என்று கேட்டதற்கு, "தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவளுக்கு எதுக்குட்டி வெளுத்த சேல, மருந்து ஒட்டுனா போகுமா" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நானும் பெண்தான், ஆனாலும் எனக்கு அது உறைக்கவில்லை. இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் உள்ள கரிசல் பூமி. இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அக்காவுக்கு அப்போது வயது 44. கணவர் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. பத்தாவது படிக்கிற மகள், முட்டி தேய்ந்துபோன எங்கள் அம்மா, இருவரையும் வைத்துக்கொண்டு அக்கா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறாள். நாளுக்கு 290 ரூபாய், சனிக்கிழமை சம்பளம். நான் விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.

2023 ஆகஸ்டில் ஒரு மதியம் போன் வந்தது. அக்கா வேலை செய்த இடத்திலேயே சரிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த மதினி போனில் அழுதார்: "சேல பூரா ரத்தம்மா, நாங்க யாருமே கவனிக்கல." பக்கத்து டவுனில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டியது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 7 சென்டிமீட்டர் நார்க்கட்டி. குளுக்கோஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து அன்று ஒரே நாளில் 4,800 ரூபாய்.

மாதவிடாய் பதினைந்து நாள், இருபது நாள் என்று நீண்டிருக்கிறது. கட்டி கட்டியாகப் போயிருக்கிறது. எங்கள் பாட்டிமார்கள் இதைப் பெரும்பாடு என்பார்கள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று மட்டும் மெடிக்கலில் சொல்லி சத்து மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். இரண்டு தடவை டாக்டரிடமும் போயிருக்கிறாள். ஆண் டாக்டர், வெளியே கதவு திறந்திருக்க வரிசையில் ஆட்கள். "அசதியா இருக்கு" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அதற்கு ஏற்ற மாத்திரைதான் கிடைத்தது.

தனியார் மருத்துவமனையில் சொன்னது இது: "கர்ப்பப்பைய எடுத்துர வேண்டியதுதான். 55,000 ஆகும். விட்டா கேன்சரா மாறிரும்." நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். திசுப் பரிசோதனை எதுவும் செய்யாமல், மாத்திரை கொடுத்துப் பார்க்காமல், பயத்தைக் காட்டிக் கர்ப்பப்பையை எடுப்பது இந்தியா முழுக்க இருக்கிற பிரச்சினை. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு இப்படித் தேவையில்லாமல் நடந்தது பற்றிய பொதுநல வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம், இதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. 55,000 ரூபாய் இல்லை என்பதால் மட்டுமே அன்று அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

செப்டம்பரில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். அட்மிட் ஆகி ரத்தம் ஏற்ற வேண்டும், திசு எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகு முடிவு செய்யலாம் என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு பதிவு செய்யப் போன இடத்தில் ஒருவர், "காப்பீட்டு அட்டை இருக்கா? கொண்டாங்க" என்றார். இல்லை என்றோம். "எடுத்துட்டு வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். அக்கா அட்டை இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று எடுத்துக்கொண்டாள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையில் நான்கு மாதம் போயிற்று.

அட்டை எடுப்பது எங்கள் வீட்டில் லேசான காரியம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டுதான் அடிப்படை. குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். வருமானத்தில் சிக்கல் இல்லை. அக்காவின் பெயர் ஏழு வருடமாக அத்தானின் ரேஷன் கார்டில்தான் கிடந்தது. மகள் பெயரும் அதிலேயே. நீக்கலாம் என்றால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் போனை எடுப்பதில்லை. அந்தச் செப்டம்பரில்தான் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. ஒரு கார்டுக்கு ஒரு பெண். அந்தக் கார்டில் அது அக்காவின் மாமியாருக்குப் போனது. விட்டுப் போனது அத்தான், ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் குடியிருந்தாள்.

ஜனவரியில் அக்கா மறுபடி படுத்துவிட்டாள். இந்தத் தடவை அட்டையைப் பற்றி யோசிக்காமல் நேராக அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வார்டில் இருந்த நர்ஸம்மா எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட்ட இருந்தா நல்லதும்மா, ஆஸ்பத்திரிக்கு அந்தப் பணம் வரும். அட்ட இல்லன்னு இங்க யாருக்கும் வைத்தியம் நிறுத்த மாட்டோம். அதுக்கா நாலு மாசம் ரத்தத்த விட்டுட்டு உக்காந்திருந்தீங்க?" காப்பீட்டு அட்டை தனியார் மருத்துவமனையில் அவசியம். அரசு மருத்துவமனையில் அது இல்லை என்பதற்காகத் திரும்பி வரக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். யாராவது "கொண்டு வா" என்று சொன்னால், "இல்லைன்னா என்ன ஆகும்?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்க் கேளுங்கள். வாசலுக்கு வந்து பஸ் ஏறிவிடாதீர்கள்.

அட்மிஷன் என்றதும் அக்கா மறுபடி பின்வாங்கினாள். அன்று ராத்திரி அவளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். விரல் விட்டு எண்ணினாள். ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் சனிக்கிழமை சம்பளம் இல்லை. குழு லோனுக்கு வாரம் 650 கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை. அம்மாவைக் கக்கூசுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக ஆள் வேண்டும். வார்டில் துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும், எனக்குக் கடையில் லீவு கிடைக்காது. அவள் சொன்னதில் மருந்துச் செலவும் இல்லை, ஆபரேஷன் செலவும் இல்லை. வைத்தியம் இலவசம் என்று நாம் சொல்கிற இடத்துக்கு வந்து சேருவதற்கே ஒரு பெண்ணுக்கு இவ்வளவு செலவு. அன்றுதான் எனக்கு விளங்கியது, அக்காவிடம் "தைரியமா வா" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. இந்த ஐந்து விரலுக்கும் ஆளுக்கொரு வழி செய்ய வேண்டும்.

செய்தோம். டாக்டரம்மாவிடம் மகளின் பரீட்சையைச் சொன்னோம். சொல்லலாமா என்று முதலில் தயங்கினோம், சொன்னது நல்லதாகப் போயிற்று. "ஆபரேஷன மே மாசம் வச்சுக்கலாம், இப்ப ரத்தம் மட்டும் ஏத்திக்குவோம், போக்கு குறைய மாத்திரை தாரேன்" என்றார். ஜனவரியில் நான்கு நாள் மட்டும் வார்டு. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், அதற்கு ஈடாகத் தெருப் பையன்கள் இருவர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திசுப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் அக்கா சரியாகத் தூங்கினாள். குழுவில் தலைவியிடம் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி முன்கூட்டியே பேசினேன், ஆபரேஷன் முடிந்து ஓய்வெடுத்த ஆறு வாரத் தவணையை ஐந்து பேர் பங்கு போட்டுக் கட்டினார்கள். கட்டாமல் விட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வதைவிட, முன்னால் போய்ச் சொன்னதற்கு மரியாதை இருந்தது. துணைக்குத் தெருவில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டோம். பகலில் ஒருவர், ராத்திரி ஒருவர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இந்த இடத்தில் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் நான்கு பேர் மாறி மாறி வந்திருக்க முடியாது.

டாக்டரிடம் வாயால் சொல்ல முடியாததை அக்கா ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது பேடு மாற்றுகிறாள், கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா. எழுதத் தெரியாதவர்கள் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு போகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்தால், எட்டு நாளைத் தாண்டிப் போனால், அதை அசதி என்று சொல்லக் கூடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும். ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை, அதுதான் முறை. அக்கா கேட்டாள். உடனே நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை பற்றி ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அக்காவும் முன்பு வாங்கியிருக்கிறாள், ஆபீசில் பதினொரு மணி டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீர், நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சேர்த்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும், பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல். அதனால்தான் "ரத்தம் கம்மியா இருக்கு" என்பது நம் வீடுகளில் வியாதியாகவே படுவதில்லை. பெண் என்றால் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டோம்.

மே மாதம் ஹீமோகுளோபின் 10.8 ஆனது. கட்டி பெரியதாக இருந்ததாலும், மாத்திரை நின்றால் போக்கு திரும்பி வந்ததாலும் கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவானது. எல்லாருக்கும் இதுதான் வழி என்று நான் சொல்லவில்லை. கட்டியை மட்டும் எடுப்பது, ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் பொருத்துவது என்று வேறு வழிகளையும் டாக்டரம்மா விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டு, அவளாகவே தீர்மானித்தாள். முதல்நாள் தனியாரில் தலையாட்டியதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

கையெழுத்து வாங்கும்போது படிவத்தை நீட்டியவர், "வீட்டுக்காரர் எங்க, அவர் கையெழுத்து வேணும்" என்றார். அக்கா முகம் சுருங்கிப் போனது. ஏழு வருடமாக ஊரில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பதிலை வார்டு நடுவில் மறுபடி சொல்ல வேண்டும். சுயநினைவோடு இருக்கிற வயதுவந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவருடைய அம்மாவின் சம்மதத்தை வைத்து எடுத்தது செல்லாது என்று டெல்லி வழக்கு ஒன்றில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கணவர் கையெழுத்து பழக்கத்தில் வந்தது. நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவர் வந்து, "பேஷண்ட் போட்டா போதும், சாட்சிக்குத் தங்கச்சி போடட்டும்" என்று முடித்துவைத்தார்.

ஆபரேஷனுக்கு மருத்துவமனை எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனாலும் நான் கணக்கு எழுதி வைத்தேன். ஓய்வெடுத்த ஆறு வாரத்தையும் அதற்கு முன்னால் அலைந்த 9 நாளையும் சேர்த்துக் கூலி இழப்பு 13,050 ரூபாய். துணைக்கு இருந்தவர்கள் சாப்பாடு, ராத்திரி ஆட்டோ 3,250. வெளியே எடுத்த ஒரு பரிசோதனை, வெளியே வாங்கிய மருந்து 1,150. ஸ்ட்ரெச்சர் தள்ளினவர், வார்டு கூட்டினவர் கேட்டு வாங்கியது 400. மொத்தம் 17,850. அந்த 400 ரூபாயைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. புகார் சொல்ல 104 என்ற எண் இருக்கிறது, ஆனால் வலியில் இருக்கிற அக்காவை வைத்துக்கொண்டு எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை.

கணக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு கூலி. இதற்கான மருந்து டாக்டரிடம் இல்லை, ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. தொழிலாளி தருவது 0.75 சதவீதம், முதலாளி தருவது 3.25 சதவீதம். ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருக்கும்போது கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சிவகாசியிலேயே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. அக்கா பதினோரு வருடம் வேலை பார்த்த இடத்தில் அவள் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. இருந்திருந்தால் அந்த ஆறு வாரத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். அதைவிட, முதல் வருடத்திலேயே லீவு போட்டுக் காட்டியிருப்பாள். பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் முகாம் நடத்துவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த ரெஜிஸ்டரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். நம் பெயர் இருக்கிறதா என்று சம்பளம் வாங்குகிற இடத்தில் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற பயம் நியாயமானதுதான்.

ரேஷன் கார்டு வேலையும் ஒருவழியாக முடிந்தது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகாவில் நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமில் அந்தச் சான்றோடு மனு கொடுத்தோம். ஓடிபி இல்லாமலே அங்கே பெயரை நீக்கித் தந்தார்கள். புதுக் கார்டு வந்ததும் வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு மகளையும் கூட்டிப் போய்ப் பதிந்துவிட்டோம். வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. உடம்புக்கு வந்த பிறகு இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்ய முடியாது. கணவரைப் பிரிந்து வாழ்கிற தங்கைகள், அக்காக்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

அக்காவோடு அலைந்தபோதுதான் நானும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அசிட்டிக் அமிலம் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலியும் இல்லை.

அக்கா இப்போது பழையபடி வேலைக்குப் போகிறாள். போன வாரம் அவளோடு பெட்டி அடைக்கிற ஓர் அம்மாவும் தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். வயது 52. அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள். நின்று போன மாதவிடாய் மூன்று மாதமாகத் திரும்ப வருகிறதாம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்று அக்கா சொல்ல, அந்த அம்மா, தான் போய்விட்டால் இரண்டு ஆட்டையும் யார் பார்ப்பார்கள் என்றாராம்.

"நாலு நாளைக்கு எங்க அம்மா பாத்துக்கும். ஞாயித்துக்கிழம சாயங்காலமே ஓட்டிட்டு வந்து எங்க வாசல்ல கட்டு."